அம்மாவ நான் பாத்துக்கறேன், என்னை யாரு பாத்துக்கறது? – அடிக்கடி கேக்கற கேள்விங்க

எங்கம்மாவுக்கு 2017ல ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் போயிடுச்சு, அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஞாபகமும் போச்சு, 2023ல தவறிட்டாங்க. நடுவுல ஆறு வருஷம் திருச்சி உறையூர்ல எங்க வீட்டு முன் ரூம்லதான் அவங்க கட்டில். அந்த ஆறு வருஷத்துலயும் அதுக்கப்புறமும், இதே மாதிரி வீட்ல யாரையாவது வெச்சு பாத்துக்கறவங்க, சொந்தக்காரங்க, ஆஸ்பத்திரி பெஞ்சுல பக்கத்துல உக்காந்தவங்கன்னு நிறைய பேர் கேட்ட கேள்விங்கதான் இதெல்லாம். நான் டாக்டர் இல்ல, கவுன்சிலரும் இல்ல. படுக்கைப்புண் வராம எப்படி திருப்பிப் படுக்க வைக்கறது, மூக்கு டியூப்ல எப்படி கஞ்சி விடறதுன்னு சொல்லித்தர நர்ஸம்மா இருக்காங்க. பாத்துக்கறவ மனசு என்ன ஆகுதுன்னு பேசத்தான் ஆளில்ல, அதான் எழுதி வெச்சேன்.

கூடவே இருந்து எல்லாம் செய்யறேன், ஆனா அவங்க மேலயே கோவம் கோவமா வருது. நான் கெட்டவளா?

எல்லாரும் கேக்கற முதல் கேள்வி இதுதான், அதுவும் குரல தாழ்த்திட்டு, யாராவது கேக்கறாங்களான்னு ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டு.

என் கதைய சொல்றேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க. 2021 ஜனவரி, மார்கழி குளிரு. ராத்திரி ரெண்டரைக்கு அலாரம், அம்மாவ ஒருக்களிச்சு திருப்பிப் போடணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பலன்னா முதுகுல புண்ணு வந்துடும். போய் லைட்ட போட்டா டயப்பர் ஸ்டிக்கர பிச்சு போட்டிருக்காங்க, பெட்ஷீட், நைட்டி, இடது கை நகம், செவுரு எல்லாத்துலயும் அப்பியிருக்கு. வெந்நீர் வெச்சு துடைச்சு, ஷீட்ட உருவி, வேற நைட்டி மாட்டி, மறுபடி டயப்பர் போட்டு முடிக்கறப்ப மணி மூணே கால். நைட்டி பட்டன போட்டுட்டு இருக்கேன், அம்மா என் மூஞ்சிய உத்துப் பாத்துட்டு "நீ யாரும்மா? என் பொண்ண கூப்பிடு, அவ நல்லா பாத்துப்பா" அப்படின்னாங்க.

நான் கத்துனேன். "நான்தான்மா அந்த பொண்ணு, செத்தாவது தொலையேன்"னு. அப்படியேதான் சொன்னேன், இப்ப எழுதும்போது கூட கை நிக்குது. அம்மா அந்த நல்ல கையால போர்வைய இழுத்து மூஞ்சி வரைக்கும் மூடிக்கிட்டாங்க. திரும்பிப் பாத்தா வாசப்படில என் பையன், எட்டாங்கிளாஸ் படிக்கறான், கண்ண கசக்கிட்டு நிக்கறான். நான் கொல்லைல போய் துணி துவைக்கற கல்லுல உக்காந்தவதான், பால்காரர் மணி அடிக்கற வரைக்கும் எந்திரிக்கல.

காலைல அம்மாவுக்கு எதுவும் ஞாபகம் இல்ல, இட்லி நல்லாருக்குன்னு சொன்னாங்க. எனக்கு மட்டும் ஒரு வருஷம் மறக்கல.

இப்ப தள்ளி நின்னு பாக்கறப்ப தெரியுது, அந்த கோவம் அம்மா மேல இல்ல. மூணு வருஷமா ஒரு ராத்திரி கூட சேர்ந்தாப்ல நாலு மணி நேரம் தூங்கல, ஊரடங்குல ஆள் வர்றது நின்னு போச்சு (2020 மார்ச் 24 ராத்திரி அறிவிச்சாங்க, மறுநாள்லருந்து எங்க அட்டெண்டர் அக்கா மணிகண்டத்துலருந்து வர பஸ்ஸில்ல), அப்புறம் அவங்க திரும்பி வரவே இல்ல. தூங்காத உடம்பு கத்தும், அது யாரோட உடம்பா இருந்தாலும். கோவம் வர்றதுக்கும் கெட்டவளா இருக்கறதுக்கும் சம்பந்தம் இல்லங்க. ஆனா கோவம் கை வரைக்கும் வருது, கிள்ளணும் தள்ளணும்னு தோணுதுன்னா அந்த நிமிஷமே ரூம விட்டு வெளிய வந்துடுங்க, பெட் கம்பிய தூக்கி விட்டுட்டு. அஞ்சு நிமிஷம் ஈரத்துல இருந்தா ஒண்ணும் ஆகிடாது.

"உன் மேல நீயே அன்பா இரு"ன்னு எல்லாரும் சொல்றாங்க, அப்படின்னா என்ன? ஸ்பாவுக்கு போறதா?

எனக்கும் முதல்ல இந்த வார்த்தைய கேட்டாலே எரிச்சலா வரும், ரீல்ஸ்ல மெழுகுவர்த்தி ஏத்தி வெச்சு பாத் டப்புல உக்காந்திருப்பாங்க, நம்ம வீட்ல பாத்ரூம்ல வீல் சேர் திருப்பவே இடமில்ல.

ஆனா இதுக்குள்ள ஒரு உருப்படியான விஷயம் இருக்கு. கிறிஸ்டின் நெஃப்னு டெக்சாஸ் யுனிவர்சிட்டி உளவியல் பேராசிரியை, 2003ல இத ஆராய்ச்சிக்கு உரிய விஷயமா முதல்ல எடுத்து எழுதினவங்க. அவங்க இத மூணா பிரிச்சாங்க. நமக்கு ஒரு தப்போ கஷ்டமோ வர்றப்ப நம்மள நாமளே திட்டாம கனிவா பேசறது ஒண்ணு. இந்த கஷ்டம் எனக்கு மட்டும் இல்ல, மனுஷங்களா பொறந்தவங்களுக்கு வர்றதுதான்னு புரிஞ்சிக்கறது ரெண்டாவது. வலிய அமுக்கி வெக்காமலும் அதுலயே மூழ்கிப் போகாமலும், ஆமா இப்ப வலிக்குதுன்னு இருக்கறத இருக்கற மாதிரி பாக்கறது மூணாவது. அவ்வளவுதான், மெழுகுவர்த்தி எதுவும் வேணாம்.

எனக்கு பெரிசா உதவினது அந்த ரெண்டாவதுதான். உறையூர்ல ரெண்டரை மணிக்கு லைட் எரியற வீடு என் வீடு மட்டும்னு நெனச்சிட்டு இருந்தேன். ஒரு நாள் பிசியோவுக்கு வர்ற தம்பி சொன்னாரு, இதே தெருவ சுத்தி மட்டும் அவருக்கு நாலு பேஷண்ட் இருக்காங்கன்னு. நாலு வீடு! ஒருத்தர ஒருத்தர் தெரியாது. அன்னிக்கு ராத்திரி அலாரம் அடிச்சப்ப இன்னும் மூணு வீட்ல லைட் போடுவாங்கன்னு நெனச்சிட்டே எந்திரிச்சேன், வேல அதே வேலதான், என்னமோ கொஞ்சம் லேசா இருந்துச்சு.

சரி, நடைமுறைல எப்படி செய்யறது? எனக்கு உக்கார கூட நேரமில்ல.

நேரம் ஒதுக்கி செய்யாதீங்க, ஒதுக்க முடியாது, முடியலன்னு அதுக்கு வேற ஒரு குற்ற உணர்ச்சி சேரும். குக்கர் மூணு விசில் வர்ற கேப்புல செய்யலாம்.

மனசுக்குள்ள ஓடற பேச்ச ஒரு தடவ கவனிங்க. எனக்கு ஓடினது "ஒரு கஞ்சி கூட ஒழுங்கா குடுக்க தெரியல, நீயெல்லாம் ஒரு பொண்ணா". இதே வேலைய பக்கத்து வீட்டு பொண்ணு செய்யறா, அவ கையிலருந்து கஞ்சி சிந்திடுச்சு, அவகிட்ட போய் இப்படி சொல்லுவீங்களா? "விடும்மா, நீயும் எவ்வளவுதான் செய்வ, தள்ளு நான் தொடைக்கறேன்"னுதான சொல்லுவோம். அந்த பேச்ச உங்களுக்கும் சொல்லுங்க, வாய்விட்டே சொல்லுங்க, சமையக்கட்டுல யாரு கேக்கப்போறா. நான் என் பேர சொல்லியே பேசுவேன். முதல்ல கூச்சமா இருக்கும், லூசு மாதிரி தோணும். பத்து நாள்ல பழகிடும்.

அப்புறம் மூச்சு. உள்ள இழுக்கறத விட வெளிய விடறது நீளமா இருக்கட்டும், நாலு எண்ணி இழுத்தா ஆறு எட்டு எண்ணி விடுங்க. மூச்ச வெளிய விடறப்ப இதயத்துடிப்பு கொஞ்சம் மெதுவாகும், உடம்போட அமைப்பே அப்படி, நம்பிக்கை விஷயம் இல்ல. டயப்பர் மாத்த போறதுக்கு முன்னாடி வாசப்படில நின்னு மூணு தடவ. நாத்தத்துக்கு முன்னாடியே நல்ல காத்தும் கெடச்ச மாதிரி ஆச்சு.

இன்னொண்ணு, என்ன உணர்ச்சின்னு பேர் வெக்கறது. "ஒரு மாதிரி இருக்கு"ன்னு விடாம, இது கோவம், இது பயம், இது பொறாமை (ஆமா பொறாமைதான், காலைல வாக்கிங் போறவங்கள பாத்து எனக்கு பொறாமையா வரும்) அப்படின்னு. பேர் வெச்சதும் அது கொஞ்சம் சின்னதாகும். மருந்து எழுதற நோட்டு பின்பக்கம் ஒரு வரி எழுதுவேன். இப்ப எடுத்து படிச்சா பாதி பக்கம் "தூக்கம்"னுதான் இருக்கு.

தன்னைத்தானே தட்டிக் குடுத்துட்டே இருந்தா சோம்பேறி ஆகிட மாட்டோமா?

திட்டி வளத்தாதான் புள்ள உருப்படும்னு நம்ம ஊர்ல ஆழமா ஊறிப்போயிருக்கு, அதான் இந்த கேள்வி வருது. 2012ல கலிஃபோர்னியா பெர்க்லில ஒரு ஆய்வு பண்ணாங்க, கஷ்டமான டெஸ்ட்ல கோட்டை விட்ட ஸ்டூடண்ட்ஸ்ல, தன் மேல இரக்கமா யோசிக்கச் சொன்னவங்க மத்தவங்கள விட அடுத்த டெஸ்ட்டுக்கு அதிக நேரம் படிச்சாங்க. என் அனுபவமும் அதேதான். திட்டிக்கிட்ட நாள்ல அம்மாவ அவசரமா திருப்பி தோள்பட்டைல வலிக்க வெச்சிருக்கேன். என்ன நானே விட்டுக் குடுத்த நாள்ல கை மெதுவா போகும்.

கண்ண மூடி ரெண்டு நிமிஷம் உக்காந்தாலே அழுகை முட்டுது, விட்டுடலாமா?

ரொம்ப நாள் மூடின ரூம் கதவ தொறந்தா தூசி வரும்ல, அது மாதிரிதான். நிறைய பேருக்கு ஆரம்பத்துல இப்படி ஆகும். அழுங்க, முடிஞ்சா மூஞ்சிய கழுவிட்டு அடுத்த வேல பாருங்க. ஆனா தாங்க முடியாத அளவுக்கு, பழைய பயங்கரம் ஏதாவது திரும்பத் திரும்ப வந்து நிக்குதுன்னா கண்ண மூடாதீங்க, உள்ளங்கால் தரைல படறத கவனிங்க, ஜன்னல் வழியா வெளிய பாருங்க, தனியா போராடாம ஒரு மனநல ஆலோசகர்கிட்ட போங்க.

மெத்தா தியானம்னு சொல்றாங்களே, அது பௌத்தம் ஆச்சே, நாங்க செய்யலாமா?

மெத்தான்னா பாலி மொழில நட்பு, அன்புன்னு அர்த்தம், நாம மைத்ரின்னு சொல்றதுதான். "நல்லா இருக்கணும், பயமில்லாம இருக்கணும், நோயில்லாம இருக்கணும்"னு மனசார நெனைக்கறது, இதுக்கு சாமி தடை சொல்லப்போறதில்ல, எங்க அத்தை முருகன் படத்து முன்னாடி உக்காந்தே செய்யறாங்க.

இதுல ஒரு சுவாரசியம் இருக்கு. அஞ்சாம் நூற்றாண்டுல புத்தகோசர்னு ஒரு பிக்கு, இலங்கை அனுராதபுரத்துல உக்காந்து விசுத்திமக்கம்னு பெரிய நூல் எழுதினாரு. இவரு நம்ம காஞ்சிபுரத்துலயும் தங்கியிருந்தவரு. அந்த நூல்ல மெத்தாவ யார்கிட்ட ஆரம்பிக்கணும்னு வரிசை போடறாரு, முதல் ஆளு நீதான்னு சொல்றாரு. அப்புறம்தான் மதிக்கறவங்க, பிடிச்சவங்க, சம்பந்தமில்லாதவங்க, கடைசியா எதிரி. சுயநலம்னு நாம கூச்சப்படறத ஒரு துறவி ஆயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி முதல் படியா வெச்சிருக்காரு பாருங்க.

நான் செஞ்சது ரொம்ப சின்னது. அம்மா நெத்தில விபூதி வெக்கறப்ப "நீ வலியில்லாம இருக்கணும்", அதே விரலால என் நெத்திலயும் வெச்சு "நானும்". எதிரி வரைக்கும் நான் போகல, எங்க பெரியம்மாகிட்டயே நின்னுட்டேன்.

உதவிக்கு ஒருத்தரும் வர்றதில்ல, எல்லாரும் போன்ல அறிவுரை மட்டும்தான். என்ன செய்யறது?

இங்கதான் நான் ரொம்ப தப்பு பண்ணேன், அதனால நீளமா சொல்றேன்.

மூணு வருஷம் நான் யார்கிட்டயும் கேக்கவே இல்ல. கேக்காமலே புரிஞ்சிக்கணும்னு எதிர்பார்த்தேன், புரிஞ்சிக்கலன்னு உள்ளுக்குள்ள கணக்கு வெச்சேன். யாராவது "ஏதாவது வேணும்னா சொல்லு"ன்னா "பரவால்லங்க, பாத்துக்கறேன்"னு வாய் தானா சொல்லிடும், போன வெச்சதுக்கப்புறம் அழுவேன். தம்பி துபாய்ல, வாரா வாரம் வீடியோ கால், "அக்கா நீ கிரேட்"னு சொல்லுவான். அந்த கிரேட்ட வெச்சு ஒரு டயப்பர் பாக்கெட் கூட வாங்க முடியாதுடான்னு ஒரு நாள் வெடிச்சுட்டேன்.

அந்த சண்டைக்கப்புறம் அவன் கேட்டான், "சரி, என்ன செய்யணும்னு சொல்லு, எனக்கு உண்மையாவே தெரியலக்கா". உண்மையிலயே அவனுக்கு தெரியல. அன்னிக்கு ராத்திரி உக்காந்து ஒரு நாள்ல என்னென்ன செய்யறேன்னு மணி போட்டு எழுதினேன், காலண்டர் தாள் ரெண்டு பக்கம் ரொம்பிடுச்சு, போட்டோ எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரம் பதில் வரல. அப்புறம் மாசா மாசம் டயப்பர், கீழ விரிக்கற ஷீட், மருந்து மூணையும் அவனே ஆன்லைன்ல ஆர்டர் போட்டு வீட்டுக்கு வர வெச்சான். ராத்திரிக்கு ஒரு அட்டெண்டர் சம்பளத்துல பாதி குடுத்தான். பாசம் இல்லாம இல்லங்க, வேல என்னன்னு தெரியாம இருந்துச்சு.

பக்கத்துல இருக்கறவங்ககிட்ட கேக்கறப்பவும் அதேதான். "ஹெல்ப் பண்ணுங்க"ன்னா யாருக்கும் கை கால் ஓடாது. நாள், மணி, வேல மூணும் சொல்லணும். எதிர் வீட்டு அக்காகிட்ட "ஞாயித்துக்கிழம காலைல ஒம்பதுலருந்து பன்னெண்டு வரைக்கும் அம்மாகூட சும்மா உக்காந்திருக்கீங்களா, டயப்பர் மாத்த வேணாம், ஏதாவது ஆனா எனக்கு போன் போட்டா போதும்"னு கேட்டேன். உடனே சரின்னாங்க, "இத்தன நாள் கேக்கலாமா கூடாதான்னு நானே யோசிச்சிட்டு இருந்தேன்டி"ன்னாங்க. முதல் ஞாயிறு நான் வெளிய போய் என்ன பண்ணேன் தெரியுமா? தெப்பக்குளம் பக்கம் ஒரு கடைல காபி குடிச்சிட்டு பதினைஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்துட்டேன், பதட்டம். மூணாவது வாரம்தான் பன்னெண்டு மணி வரைக்கும் வெளிய இருக்க முடிஞ்சுது.

கேரளால இத ஊரே சேர்ந்து செய்யறாங்க. கோழிக்கோட்டுல 1993ல வலி நிவாரணத்துக்கும் கடைசி கால கவனிப்புக்கும் ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அதுலருந்து பக்கத்து வீட்டுக்காரங்க, ஆட்டோ ஓட்டறவங்க, காலேஜ் பசங்கன்னு டிரெயினிங் எடுத்துட்டு வீடு வீடா போற ஏற்பாடு வளந்துச்சு, 2008ல அந்த அரசாங்கமே இதுக்குன்னு ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு. நர்ஸ் செய்யற வேல நர்ஸுக்கு, கூட உக்காந்து பேசறது, மருந்து வாங்கிட்டு வர்றது அக்கம்பக்கத்துக்கு. இந்த ரெண்டாவதுதான் நம்மள உயிரோட வெக்கறது. சும்மா சொல்லல, 2010ல 148 ஆய்வுகள, மூணு லட்சத்துக்கும் மேல ஆளுங்களோட விவரத்த சேத்து அலசினப்ப, உறவும் நட்பும் பலமா இருக்கறவங்க உயிர் பிழைச்சு இருக்கற வாய்ப்பு மத்தவங்கள விட 50 சதவீதம் அதிகம்னு வந்துச்சு. அந்த ஞாயித்துக்கிழம மூணு மணி நேரம் ஆடம்பரம் இல்லங்க, நாம முழுங்கற பிபி மாத்திர மாதிரிதான்.

சொந்தக்காரங்க வந்து "ஏன் இப்படி இளைச்சுட்டாங்க, சரியா சாப்பாடு குடுக்கறியா"ன்னு கேக்கறாங்க, பத்திக்கிட்டு வருது.

எங்க வீட்ல அதுக்கு ஒரு வழி வெச்சேன். அப்படி கேக்கறவங்ககிட்ட கிண்ணத்தையும் ஸ்பூனையும் கைல குடுத்து "நீங்க குடுத்து பாருங்க சித்தி, உங்க கையால குடுத்தா சாப்பிடுவாங்க"ன்னு சொல்லுவேன். கால் மணி நேரத்துல கேள்வி நின்னுடும், சில பேரு நெஜமாவே குடுத்து முடிச்சிட்டு கண் கலங்கி போயிருக்காங்க. அதுக்கும் மேல பேசறவங்களுக்கு கதவு வரைக்கும் மரியாதை, அதோட சரி.

அம்மாவுக்கு என்னைய அடையாளமே தெரியல. இனிமே என்ன உறவு மிச்சம் இருக்கு?

இது தனி வலி. ஆள் கண்ணு முன்னாடி இருக்காங்க, ஆனா அந்த ஆள் இல்ல. சாவு வீடுன்னா நாலு பேர் வருவாங்க, அழலாம், பதினாறாம் நாள் காரியம்னு ஒண்ணு இருக்கு. இதுக்கு எதுவுமே கெடையாது, துக்கம்னு சொன்னா கூட "அதான் உயிரோட இருக்காங்களே"ம்பாங்க. பாலின் பாஸ்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1970கள்லயே இந்த மாதிரி முடிவில்லாத, தெளிவில்லாத இழப்புக்குன்னு தனியா பேர் வெச்சு எழுதினாங்க. அதுக்கு பேர் இருக்குன்னு தெரிஞ்சதே எனக்கு பெரிய விஷயமா இருந்துச்சு, அப்ப நான் ஓவரா நடந்துக்கல.

உறவு மிச்சம் இருக்கு, ஆனா வேற ரூட்டுல. சாயங்காலம் ஆனா அம்மாவுக்கு குழப்பம் ஜாஸ்தியாகும் (டிமென்ஷியா இருக்கற நிறைய பேருக்கு பொழுது சாயறப்ப இப்படி ஆகும், லைட்ட சீக்கிரமே போட்டு விடுங்க). "எங்கம்மா எங்க, நான் வீட்டுக்கு போணும்"னு ஆரம்பிப்பாங்க. நான் முதல்ல "உங்கம்மா போய் நாப்பது வருஷம் ஆச்சுமா"ன்னு உண்மைய சொல்லுவேன், அவங்க அப்பதான் கேள்விப்பட்ட மாதிரி கதறுவாங்க, ஒவ்வொரு நாளும் புதுசா ஒரு சாவு. அது எவ்வளவு கொடுமைன்னு ஆஸ்பத்திரில ஒரு நர்ஸம்மா சொல்லித்தான் புரிஞ்சுது. அதுக்கப்புறம் "உங்கம்மா எப்படி இருப்பாங்க, என்ன கொழம்பு வெப்பாங்க"ன்னு கேக்க ஆரம்பிச்சேன். எனக்கு தெரியாத கதையெல்லாம் வந்துச்சு. பாட்டி ஆடிப்பெருக்குக்கு காவேரிக்கரைல சித்ரான்னம் கட்டிட்டு போனது, அதுல அம்மா எலுமிச்சம்பழ சாதத்த மட்டும் தூக்கிட்டு ஓடினது. அம்பது வருஷமா என்கிட்ட சொல்லாத கதைங்க, நான் யாருன்னே தெரியாதப்ப சொன்னாங்க.

வெள்ளிக்கிழம தலைக்கு எண்ணெய் வெப்பேன். கொஞ்சம் சூடு பண்ணி, உச்சந்தலைல விட்டு மெதுவா. அப்ப கண்ண மூடிக்குவாங்க. ஒரு தடவ அந்த இடது கைய தூக்கி, என் தலைல வெச்சு, எண்ணெய் இல்லாமலே தேய்ச்சு விட்டாங்க. பேர் தெரியல. கை மட்டும் ஞாபகம் வெச்சிருந்துச்சு.

வீட்டுக்காரர், புள்ளைங்க கூட தூரமாயிட்ட மாதிரி இருக்கு.

இருக்கும். தினமும் பத்து நிமிஷம் நோயாளி பேச்சே இல்லாம பேசணும்னு எங்க வீட்ல ஒரு ரூல் போட்டோம், முதல் நாள் ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணுமே இல்ல, தோனி பத்தி பேசினோம். பையன்கிட்ட அந்த மார்கழி ராத்திரிய பத்தி ஒரு வாரம் கழிச்சு மன்னிப்பு கேட்டேன். "நீ டயர்டா இருந்தம்மா"ன்னான். அவ்வளவுதான் சொன்னான், பெரியவங்க யாருக்கும் அது சொல்லத் தோணல.

இது வெறும் அசதியா, இல்ல டிப்ரஷனா? எப்ப டாக்டர பாக்கணும்?

ஒரு நாள் நல்லா தூங்கி எந்திரிச்சா தெளிவாகற அசதி வேற. ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்து மனசு கனமாவே இருக்கு, எதுலயும் ஆசையில்ல, பசியில்ல இல்லன்னா அளவில்லாம சாப்பிடறோம், படுக்க நேரம் கெடச்சாலும் தூக்கம் வரல, எதுக்கும் லாயக்கில்லன்னு தோணுதுன்னா தள்ளிப் போடாதீங்க, மூச்சுப் பயிற்சி பண்ணி சமாளிக்கற விஷயம் இல்ல அது. நானும் எட்டு மாசம் மாத்திர சாப்பிட்டேன், சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல.

வீட்ட விட்டு நகர முடியாதவங்களுக்கு போன் இருக்கு. டெலி மனஸ் 14416, 2022 அக்டோபர் 10 உலக மனநல நாளன்னிக்கு மத்திய அரசு ஆரம்பிச்சது, காசில்ல, 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம். நம்ம மாநிலத்து 104லயும் பேசலாம். பெரியவங்க சம்பந்தமா எதுன்னாலும் 14567. "நானும் செத்துட்டா நல்லாருக்கும்", "ரெண்டு பேரும் சேந்து போயிடலாம்"னு நெனப்பு வந்தா அன்னிக்கே, அந்த மணி நேரமே போன் போடுங்க, பக்கத்துல ஒரு ஆள கூப்பிட்டு உக்கார வைங்க. சென்னைல சினேகான்னு 1986லருந்து இதுக்குன்னே இருக்கற தன்னார்வ அமைப்பு, எண் 044-24640050. இந்த நெனப்பு வர்றவங்க கொஞ்ச பேர் இல்லங்க, சொல்றவங்கதான் கொஞ்சம்.

அப்புறம் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம், பிபி சுகர் மாத்திர வீட்டுக்கே வரும், படுக்கைல இருக்கறவங்களுக்கு பிசியோ, வலி நிவாரண கவனிப்பும் இதுல உண்டு. உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் பேர் குடுங்க. அம்மா படுத்து நாலு வருஷம் கழிச்சு வந்துச்சு எங்களுக்கு, வாரத்துல ஒருத்தர் கதவ தட்டி "எப்படி இருக்கீங்க"ன்னு என்னையும் கேட்டாங்க பாருங்க, மாத்திரைய விட அதுக்குதான் காத்திருப்பேன்.

ஆள் வெக்கறது, ஹோம்ல சேக்கறது பாவமா?

கையில காசும் நல்ல இடமும் இருந்தா பாவம் இல்ல. நேர்ல போய், சொல்லாம கொள்ளாம சாயங்கால நேரத்துல போய் பாருங்க, மூத்திர வாடை அடிக்குதா, படுத்திருக்கறவங்க நகம் வெட்டியிருக்கான்னு பாருங்க, பளபளன்னு ரிசப்ஷன பாத்து ஏமாறாதீங்க. நான் சேக்கல, அது என் வசதிக்கும் பிடிவாதத்துக்கும் எடுத்த முடிவு. சேத்தவங்கள விட நான் ஒசத்தின்னு ஒரு காலத்துல நெனச்சேன், இப்ப நெனைக்கல.

அவங்க போனப்ப முதல்ல நிம்மதிதான் வந்துச்சு. இத யார்கிட்ட சொல்றது?

என்கிட்ட சொல்லலாம், எனக்கும் அதான் வந்துச்சு. காலைல ஆறு மணிக்கு மூச்சு நின்னுச்சு, டாக்டர் வந்து பாத்துட்டு சொன்னதும் முதல்ல தோணினது "இன்னிக்கு ராத்திரி அலாரம் வெக்க வேணாம்". அதுக்கப்புறம்தான் அழுகை. ரெண்டும் ஒரே மனசுலருந்துதான் வந்துச்சு. ரொம்ப நாள் தூக்கின கொடத்த இறக்கி வெச்சா கை தானா லேசாகும்ல, அதுக்கு கொடத்து மேல வெறுப்புன்னு அர்த்தமா?

ஆனா நிம்மதி ரொம்ப நாள் நிக்காது, தயாரா இருங்க. என்னோட நாள் முழுக்க அவங்கள சுத்தியே இருந்துச்சு, திடீர்னு மத்தியானம் ரெண்டு மணிக்கு செய்ய ஒண்ணும் இல்ல. மெடிக்கல் ஷாப்காரர் "அக்கா இந்த மாசம் லிஸ்ட்"னு போன் போட்டாரு, என்ன சொல்றதுன்னு தெரியாம வெச்சுட்டேன். முதல் ஆறு மாசம் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீங்க, வீட்ட விக்கறது அது இதுன்னு. தெனம் ஒரு வேல வெளிய இருக்கட்டும், காய் வாங்கறதா இருந்தா கூட.

கட்டில், ஏர் பெட் எல்லாம் என்ன பண்ணீங்க?

கட்டில் வாடகைக்கு எடுத்தது, பதினாறு முடிஞ்சதும் வந்து எடுத்துட்டு போயிட்டாங்க, தரைல நாலு கால் தடம் மட்டும் இருந்துச்சு, ரெண்டு தடவ பினாயில் போட்டும் போகல. ஏர் பெட்ட மூணு மாசம் வெச்சிருந்தேன். அப்புறம் பிசியோ தம்பி சொன்ன அந்த மூணு வீட்ல ஒரு வீட்டுக்கு குடுத்தேன், அங்க ஒரு பையன் அவங்கப்பாவ பாத்துக்கறான், முப்பது வயசு கூட இருக்காது. மோட்டார எப்படி மாட்டறது, பகலுக்கும் ராத்திரிக்கும் பிரஷர எங்க வெக்கணும்னு சொல்லிக் குடுத்தேன். கிளம்பறப்ப "ஞாயித்துக்கிழம காலைல நான் வர்றேன், ஒம்பது மணிக்கு, நீ எங்கயாவது போயிட்டு வா"ன்னு சொன்னேன். "பரவால்லங்க அக்கா, பாத்துக்கறேன்"னான். அந்த பேச்சு எனக்கு தெரியாதா. ஒம்பது மணிக்கு போய் பெல் அடிச்சேன், தலைகூட சீவாம வந்து கதவ தொறந்தான்.